சட்டையையும் சூதில் தோற்ற சிப்பாய்



ஆண்டுதோறும் ஜூலை மாதம் 14-ந் தேதி அர்ச். கமில்லுஸ் திருநாள் வருகிறது. அவருடைய படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கறுப்பு அங்கி, மார்பில் பெரிய சிவப்புச் சிலுவை, கைத்தாங்கலில் ஒரு வியாதிக்காரன். வியாதிக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தாதிமார்களுக்கும் அவரே பாதுகாவலர். ஆனால் அந்தப் படத்தில் வரையப்படாத ஒரு விஷயம் உண்டு. அவருடைய அங்கிக்குள் ஒரு கால் சீழ் பிடித்த கால். அவருடைய வாலிபத்திலும் அதுபோல ஆறாத ஒரு புண் இருந்தது. அதுதான் சூதாட்டம். அந்த இரண்டாவது புண் எப்படி ஆறிற்று என்பதையே இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஏன் சொல்லுகிறோம் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

கமில்லுஸ் 1550-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி, இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் இராச்சியத்தைச் சேர்ந்த புக்கியானிக்கோ என்ற ஊரில் பிறந்தார். தாயாருக்கு அப்போது வயது முதிர்ந்திருந்தது. பிள்ளை பிறக்குமுன் அந்த அம்மாள் ஒரு கனவு கண்டாளாம். மார்பில் சிலுவை அடையாளமுள்ள ஒரு சிறுவன் முன்னே நடக்க, அதே அடையாளத்தோடு வேறு பல சிறுவர்கள் பின்னே செல்வதாகக் கண்டு, தன் மகன் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகப் போகிறானோ என்று பயந்தாள். தகப்பனார் படைத் தலைவர். யுத்தம் இருக்கிற இடத்தில் சம்பளத்துக்குப் போய்ச் சண்டை செய்கிறவர். வீட்டில் இருப்பது அபூர்வம். வந்தாலும் சீட்டும் பகடையும் கூடவே வரும்.

பையனுக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது தாய் காலமானாள். பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடம் படைவீரர்களின் கூடாரந்தான். ஆளோ ஆறரை அடி உயரம். கோபம் அதற்கு மேல். எழுதப் படிக்கச் சொற்பமாகத் தெரியும். சீட்டு விளையாட நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு நாம் வாயால் சொல்லிக்கொடுப்பது ஒன்று, கையால் காட்டிக்கொடுப்பது ஒன்று. எது நிலைக்கும் என்று கமில்லுஸின் தகப்பனாரைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

தகப்பனும் மகனும் துருக்கியருக்கு எதிராக வெனிஸ் சேனையில் சேரப் புறப்பட்டார்கள். வழியிலேயே தகப்பனார் வியாதிப்பட்டு, கடைசித் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்று இறந்தார். மகனுக்கு மிஞ்சிய ஆஸ்தி ஒரு வாளும், காலில் ஒரு புண்ணும். அந்தப் புண் நாற்பது வருஷங்களுக்கு மேலாக, சாகும் நாள் மட்டும் அவரை விடவில்லை. தகப்பனார் இறந்த துக்கத்தில், இரண்டு பிரான்சிஸ்கன் சந்நியாசிகள் அடக்கமாக நடந்து போவதைக் கண்டு, தானும் சந்நியாசியாவேன் என்று கமில்லுஸ் நேர்ந்துகொண்டார். அந்தச் சபையில் இருந்த தம் மாமனிடம் போய்க் கேட்டார். காலைப் பார்த்த மாமன் சம்மதிக்கவில்லை. சில நாளில் நேர்ச்சை மறந்துபோயிற்று. சீட்டுக்கட்டு மறக்கவில்லை.

1571-ல் காலுக்கு வைத்தியம் செய்துகொள்ள உரோமாபுரியில் அர்ச். யாகப்பர் பெயரால் இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். தீராத வியாதிக்காரருக்கென்று ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது. கையில் காசில்லாததால் அங்கேயே வேலைக்காரனாகச் சேர்ந்து, கூலிக்குப் பதில் வைத்தியம் பெற்றார். புண் சற்று ஆறியது. ஆனால் மற்ற வேலைக்காரர்களோடு ஓயாத சச்சரவு. வியாதிக்காரர்களைப் போட்டுவிட்டு, தீபர் நதிக்கரைப் படகுக்காரர்களோடு சீட்டாடப் போய்விடுவார். எத்தனையோ முறை கண்டித்துப் பார்த்தார்கள். அவருடைய தலையணைக்கு அடியில் சீட்டுக்கட்டு அகப்பட்டதாகவும் சொல்வதுண்டு. சில மாதங்களில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசகர்களே, இந்த ஆஸ்பத்திரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

மறுபடியும் பட்டாளம். முதலில் வெனிஸ் கொடியின் கீழ், பிறகு ஸ்பெயின் கொடியின் கீழ் வட ஆப்பிரிக்காவில் தூனிஸ் வரை போனார். 1574-ல் படை கலைக்கப்பட்டு நேப்பிள்ஸ் நகரத்தில் கரையிறங்கினார். கையில் யுத்தச் சம்பளம் இருந்தது. நகரத்துச் சந்துகளில் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். முதலில் பணம் போயிற்று. பிறகு வாள், வெடிமருந்துக் குடுவை, மேலங்கி என்று ஒவ்வொன்றாகப் பணயம் வைத்தார். கடைசியில் உடம்பிலிருந்த சட்டையும் போயிற்று. கல்வாரியில் நம் ஆண்டவருடைய வஸ்திரத்துக்காகச் சேவகர்கள் சீட்டுப் போட்டார்கள் அல்லவா? இங்கே ஒரு சேவகன் தன் வஸ்திரத்தையே சீட்டில் வைத்துத் தோற்றான். அப்போது அவருக்கு வயது இருபத்துநாலு.

இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். இத்தனை தோற்ற மனிதன் ஏன் நிறுத்தவில்லை? புத்தியில்லாமலா? இல்லை. சூதில் தோற்றவன் ஆசையினால் மட்டும் ஆடுவதில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியினால் ஆடுகிறான். எப்போதோ வென்ற ஒரு ரூபாய், தோற்ற நூறு ரூபாயை மறைத்துவிடுகிறது. இதோ வந்துவிட்டது, ஒரு சீட்டில் தப்பிவிட்டது என்ற எண்ணம் அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கிறது. திருவள்ளுவர் சூது என்று ஒரு தனி அதிகாரமே, 94-வது அதிகாரம், எழுதியிருக்கிறார். இன்றைய வைத்திய சாஸ்திரமும் இதை வெறும் ஒழுக்கக்கேடு என்று தள்ளிவிடுவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 முதல் அமலிலுள்ள தன் நோய்ப் பட்டியலில், கட்டுக்கு மீறிய சூதாட்டத்தை ஒரு நோயாகவே சேர்த்திருக்கிறது. பாவம் என்று நாம் கண்டிக்க வேண்டியது உண்மையே. அதோடு புண் என்று கட்டுப்போடவும் வேண்டும்.

கமில்லுஸ் பிச்சைக்காரரானார். 1574 நவம்பர் 30-ந் தேதி, அர்ச். பெலவேந்திரர் திருநாளன்று, மன்பிரெதோனியா என்ற ஊரில் கோவில் வாசலில் தொப்பியை நீட்டிக்கொண்டு நின்றார். நெடிய வாலிபன், வெட்கத்தால் தலை கவிழ்ந்து நிற்கிறான். கப்புச்சின் சந்நியாசிகளுக்கு மடம் கட்டும் வேலையை மேற்பார்வை செய்துவந்த ஒரு பெரிய மனிதர் அவரைக் கண்டார். காசைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவ்வளவு பலசாலிக்குப் பிச்சை என்ன என்று வைதுவிட்டும் போயிருக்கலாம். அவர் இரண்டும் செய்யாமல், கட்டட வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். கூட இருந்த கூட்டாளி தடுத்தான். கமில்லுஸ் அவனோடு கொஞ்ச தூரம் போய்விட்டு, மனம் கேளாமல் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தார். கழுதைகளின் மேல் கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரும் ஏற்றிக் கொண்டுவருவதே வேலை. சிப்பாயாய் இருந்தவன் கழுதை ஓட்டுகிறான் என்று ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பழைய கூட்டம் வா வா என்று அழைத்தது. அவரோ குளிர்காலம் கழிந்ததும் கூலியோடு ஓடிப்போய் மறுபடியும் ஆடலாம் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், பக்கத்து ஊர் மடத்துக்கு ஏதோ சாமான் வாங்க அவரை அனுப்பினார்கள். அந்த மடத்துச் சிரேஷ்டர் அவரைத் தனியே தோட்டத்தில் அழைத்துப்போய், ஆத்துமத்தைப் பற்றி அன்போடு சில வார்த்தைகள் சொன்னார். அவ்வளவுதான். பெரிய பிரசங்கம் ஒன்றுமில்லை. மறுநாள் 1575 பிப்ரவரி 2-ந் தேதி, தேவமாதா சுத்திகரத் திருநாள். கழுதையோடு திரும்பி வரும் மலைப்பாதையில் அந்த வார்த்தைகள் அவர் நெஞ்சை அறுத்தன. பாதையிலேயே கற்களின் மேல் முழங்காலில் விழுந்து, கடந்த காலத்தை நினைத்து ஓவென்று அழுதார். அந்த நாளைத் தம் மனந்திரும்புதலின் நாளாக ஆயுள் முழுதும் அனுசரித்து வந்தார்.

கதை இங்கே முடியவில்லை. கப்புச்சின் சபையில் நவசந்நியாசியாகச் சேர்ந்தார். முரட்டு அங்கி உரசிக் கால் புண் மறுபடியும் திறந்துகொண்டது. வைத்தியம் செய்துகொண்டு திரும்பவும் சேர்ந்தார். திரும்பவும் புண் திறந்தது. இந்தக் காலோடு எங்கள் சபையில் இருக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். சாதாரண மனிதனாயிருந்தால் மனமுடைந்து சீட்டாட்டத்துக்கே திரும்பியிருப்பான். கமில்லுஸ் எங்கே போனார் தெரியுமா? முன்னே துரத்திவிட்ட அதே அர்ச். யாகப்பர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதுவும் கதவைத் திறந்தது! முன்பு சூதாடி என்று அனுப்பியவர்கள், மனந்திரும்பியவன் என்று ஏற்றுக்கொண்டார்கள். வேலைக்காரனாய் ஆரம்பித்தவர் போகப்போக முழு ஆஸ்பத்திரிக்கும் மேற்பார்வையாளர் ஆனார். பணப்பொறுப்புகூட அவரிடம் வந்தது. அர்ச். பிலிப்பு நேரி அவருக்கு ஆத்தும குருவாயிருந்தார்.

அக்காலத்து ஆஸ்பத்திரிகளில் கூலிக்கு அமர்த்திய ஆட்கள் வியாதிக்காரர்களை அலட்சியம் செய்தார்கள். பசியோடும் அழுக்கோடும் கிடந்தவர்கள் அநேகர். 1582-ம் ஆண்டு, மோட்ச ஆரோபணத் திருநாளை ஒட்டி, கமில்லுஸுக்கு ஓர் எண்ணம் உதித்தது. கூலிக்கல்லாமல் தேவ சிநேகத்துக்காகவே வியாதிக்காரருக்கு ஊழியம் செய்யும் ஒரு கூட்டத்தைச் சேர்க்க வேண்டும். அதற்குக் குருவாவது நல்லதென்று கண்டு, முப்பத்திரண்டு வயதில், சேசு சபைப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு பிள்ளையாய் உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். 1586-ல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவருடைய கூட்டத்தை அங்கீகரித்து, அங்கியின் மேல் சிவப்புச் சிலுவை அணிய உத்தரவளித்தார். தாயார் கனவில் கண்ட சிலுவை இதுதான். இன்று உலகமறிந்த செஞ்சிலுவைச் சங்கம் தோன்றுவதற்கு ஏறக்குறைய 280 வருஷங்களுக்கு முந்தியது இது.

1591-ல் அந்தக் கூட்டம் முழுச் சந்நியாச சபையாயிற்று. மற்றச் சபைகளின் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, உயிருக்கு ஆபத்து வந்தாலும், கொள்ளைநோயேயானாலும் வியாதிக்காரரைக் கைவிடுவதில்லை என்ற நாலாவது வார்த்தைப்பாட்டையும் கொடுத்தார்கள். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கொள்ளைநோய் கண்ட கப்பல்களை எவரும் நெருங்காமல் நிறுத்தியபோது, கமில்லுஸின் சகோதரர்கள் உள்ளே ஏறினார்கள். இருவர் அதில் உயிரையும் கொடுத்தார்கள். ஹங்கேரி யுத்தகளத்துக்கும் போய்க் காயப்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டார்கள். 1598-ல் தீபர் நதி பெருக்கெடுத்து ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் ஏறியபோது, கமில்லுஸ் அந்தப் புண்பட்ட காலோடு வியாதிக்காரர்களை ஒவ்வொருவராய்த் தூக்கி மேல்மாடியில் சேர்த்தார். 1614 ஜூலை 14-ந் தேதி உரோமாபுரியில் தேவனடி சேர்ந்தார். 1746-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

இனி, வாசகர்களே, நம் ஊருக்கு வருவோம்.

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகள் ஓடும் சத்தத்தைக் கேட்காதவர் நம்மில் இல்லை. அங்கே நெய்வது காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளில் புண்ணைச் சுற்றும் துணி நம் சுற்றுப்புறத்துத் தறியில் விழுந்தது. ஆனால் அந்தத் தறிக்காரர் வீட்டிலும், இராஜபாளையம் மில் தொழிலாளி வீட்டிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கிண்டுகிறவர் வீட்டிலும், துணியால் கட்ட முடியாத ஒரு புண் இருந்தால் என்ன செய்வது?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வேண்டியதும்தான். ஆனால் சட்டத்தின் சரித்திரத்தையும் கேளுங்கள். நம் இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா அவர்கள் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றது 1949-ல். அதே 1949-ல் குதிரைப் பந்தயப் பணயத்தையும் சூதாட்டமாகக் கருதும் சட்டத் திருத்தம் பிறந்தது. அது அமலுக்கு வந்தது 1975 மார்ச் 31-ந் தேதி! பிறகு 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. லாட்டரிச் சீட்டை 1968-ல் அரசாங்கமே தொடங்கிற்று. கூலிக்காரர் வீட்டு அடுப்பை அது அணைத்ததைக் கண்டபின், 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது. அதற்குள் கைப்பேசி வந்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2020-ல் தடை வந்தது, 2021-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2023-ல் மறுபடியும் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. கதவை அடைக்க அடைக்கச் சூது ஜன்னல் வழியாக வருகிறது. ஆகையால் சட்டம் செய்வது பாதி. மீதிப் பாதி அயலாரும் குடும்பமும் பங்கும் செய்யவேண்டியது.

கமில்லுஸ் காலத்தில் ஆட நினைத்தவன் ஆற்றங்கரைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று போர்வைக்குள்ளேயே ஆற்றங்கரை இருக்கிறது. முதலில் இனாம் என்று கொஞ்சம் கொடுத்து இழுப்பார்கள். சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. விரலை வைத்தால் சம்பளம் போய்விடும். அதனால் அக்கம்பக்கத்தார்க்கு ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கும். சிலர் விஷயத்தில் உயிரே போயிருக்கும்.

முன்கூட்டி அறிய அடையாளங்கள் உண்டு. சம்பள நாளன்றே கையில் காசில்லாமை, பல பேரிடம் சிறுசிறு கைமாற்று, காரணமில்லாத பொய், இரவெல்லாம் விழிப்பு, போனைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்தல், நகை காணாமற்போதல். இவை சேர்ந்து கண்டால் திட்டுவதற்கு முன் கேளுங்கள். வெட்கமே இந்த நோய்க்குப் பூட்டு. ஊர் நடுவே அவமானப்படுத்தினால் பூட்டு இறுகும்.

கமில்லுஸின் சரித்திரம் நமக்கு வழியும் காட்டுகிறது. கோவில் வாசலில் அந்தப் பெரிய மனிதர் காசு கொடுக்கவில்லை, வேலை கொடுத்தார். நாமும் சூதில் கடன்பட்டவன் கையில் ரொக்கம் கொடுக்கலாகாது. வீட்டுக்கு அரிசியும், பிள்ளைக்குப் பள்ளிச் செலவும் நேராகக் கொடுக்கலாம். அவன் சம்மதத்தோடு சம்பளம் சில காலம் மனைவியின் அல்லது தாயின் கைக்கு வரும்படி செய்யலாம். சிரேஷ்டர் தனியே தோட்டத்தில் பேசினார். நாமும் தனியே பேசலாம். ஆஸ்பத்திரி இரண்டாம் முறை கதவைத் திறந்தது. நாமும், ஒருமுறை திருந்திச் சறுக்கியவனை, பார்த்தாயா என்று கைவிடக் கூடாது. கமில்லுஸே எத்தனை முறை நேர்ந்து, எத்தனை முறை தவறினார்!

வந்தபின் பார்ப்பதைவிட வருமுன் காப்பது மேல். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கும்போது இதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம். ஞானோபதேச வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு, ஆட்டத்தை நடத்துகிறவனே எப்போதும் ஜெயிக்கிறான் என்ற கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம். மில் வாசலிலும் தெருமுனையிலும் நம் வாலிபர்கள் தம் தோழர்களுக்குச் சொல்லலாம். இதில் மத வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை, ஆடிப்பூரத் தேர் இழுக்கிறவர் வீட்டிலும் நம் வீட்டிலும் இந்தப் புண்ணின் வலி ஒன்றே. திருவிழாச் சந்தையில் லங்கர் கட்டை உருளுகிற இடத்துக்குப் பிள்ளைகளைப் போக விடாதேயுங்கள். திருவிழாச் செலவுக்காக நாமே குலுக்கல் சீட்டு விற்கிற பழக்கம் எங்கேனும் இருந்தால், அதையும் மனச்சாட்சியோடு யோசித்துப் பாருங்கள். நல்ல காரியத்துக்கென்று பிள்ளை கையில் கொடுத்த முதல் சீட்டு, கெட்ட காரியத்துக்கு முதல் படியாகலாம்.

வைத்தியமும் உண்டு. மனநலத்துக்கென அரசாங்கம் நடத்தும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். காலுக்கு வைத்தியம் தேடி ஆஸ்பத்திரிக்குப் போன கமில்லுஸ் வெட்கப்படவில்லை. மனதுக்கு வைத்தியம் தேடுவதில் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அன்பான வாசகரே, நேப்பிள்ஸ் சந்தில் சட்டையில்லாமல் நின்ற அந்த வாலிபனை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அவனைப் பார்த்து, இவன் உருப்பட மாட்டான் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! ஆனால் அவன் மார்புக்கென்று ஒரு சிவப்புச் சிலுவை காத்துக்கொண்டிருந்தது. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவன் இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஒருவேளை இதை வாசிக்கிற நீங்களாகவே இருக்கலாம். அப்படியானால் இன்றிரவே ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மனைவியிடமோ, தாயிடமோ, நம்பிக்கையுள்ள சிநேகிதனிடமோ, பாவசங்கீர்த்தனத் தொட்டியிலோ சொல்லுங்கள். சொன்ன அன்றே பாதிப் பாரம் இறங்கும்.

சூதாட்டத்தினின்று மீண்டு வியாதிக்காரருக்கு ஊழியரான அர்ச். கமில்லுஸே, இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தப் புண்ணால் வருந்தும் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.